கப்பல் சமாதிகளின் சாட்சியம்

ஒரு சமூகத்தாரின் சரித்திரம் எந்நாளில் ஆரம்பமாகிறது என்பதை நிர்ணயிக்க உரியவர் யார்? வைகிங்குகள் என்னும் வடநாட்டுக் கடலோடிகளின் விஷயத்தில் அவ்வுரிமை அவர்களால் அடிபட்டவர்களுக்கே வாய்த்தது. கி.பி. 793-இல் இங்கிலாந்தைச் சார்ந்த லிண்டிஸ்பார்ன் தீவின் கிறிஸ்தவ மடம் சூறையாடப்பட்டது. மடத்துத் துறவிகள் அதை ஏட்டில் பொறித்தனர். சூறையாடியவர்களோ நூல் எழுதும் வழக்கமில்லாதவர்கள். ஆகவே ஒரு கட்சியாரின் வாக்குமூலமே தீர்ப்பாகி, வைகிங் யுகம் அன்றுதான் உதயமாயிற்றென்று பாடபுஸ்தகங்கள் நெடுங்காலம் போதித்து வந்தன.

இத்தீர்ப்பை மறுவிசாரணைக்குக் கொணர்ந்த பொருட்காட்சியொன்று 2018-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்திலுள்ள மிஸ்டிக் கப்பற்காட்சிசாலையில் நடைபெற்றது. ஸ்வீடன் தேசத்து உப்சாலா சர்வகலாசாலை தன் பொக்கிஷங்களை அதற்கு அனுப்பியிருந்தது. உப்சாலாவுக்கு அண்மையில் வால்ஸ்யேர்டே என்னுமிடத்தில் 1928 முதல் நடந்த அகழ்வில் 15 படகுச் சமாதிகள் வெளிப்பட்டன. பிரபு இறந்தால் அவனைப் படகிலே கிடத்தி, தலைக்கவசம், வாள், கேடயம் முதலியவற்றை உடன் வைத்துப் புதைத்தார்கள். மரம் மக்கி மண்ணாயிற்று. பலகைகளைப் பிணைத்த இரும்பாணிகள் மட்டும் வரிசை குலையாமல் நின்று படகின் உருவத்தைக் காட்டின. இவற்றுள் சில லிண்டிஸ்பார்ன் சம்பவத்துக்கு நூறாண்டுக்கு மேல் முற்பட்டவை.

இதனினும் வலிய சாட்சியம் பால்டிக் கடலுக்கு அப்பால் கிடைத்திருக்கிறது. எஸ்தோனியாவின் ஸாரேமா தீவில் ஸால்மே கிராமத்தில் 2008-இல் கம்பி பதிக்க மண்ணைத் தோண்டியவர்கள் மனித எலும்புகளைக் கண்டனர். தொடர்ந்த ஆராய்ச்சியில் இரண்டு கப்பல்களும் 41 ஆடவரின் உடல்களும் வெளிவந்தன. காலம் ஏறக்குறைய கி.பி. 750. சிறிய கப்பலில் 7 பேர் இருந்தனர். பெரியதில் 34 பேர் நான்கு அடுக்காகக் கிடத்தப்பட்டு, கேடயங்களால் மூடப்பட்டிருந்தனர். பலருடைய எலும்புகளில் வெட்டுக்காயங்கள் இருந்தன. பற்களைச் சோதித்ததில் அவர்கள் ஸ்வீடனின் மத்திய பாகத்தில் வளர்ந்தவர்கள் என்று தெரிந்தது. அருகருகே கிடந்த நால்வர் உடன்பிறந்த சகோதரர் என்று 2020-இல் வெளியான மரபணு ஆராய்ச்சி காட்டியது.

இவர்கள் கொள்ளையிடச் சென்றார்களா, தூது சென்றார்களா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் விவாதமுண்டு. ஆயினும் 793-க்கு நாற்பது ஆண்டு முன்பே ஆயுதந்தாங்கிய பெருங்கூட்டம் கடல் கடந்தது என்பதும், மடிந்தவர்களைத் தோழர்கள் அந்நிய மண்ணில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள் என்பதும் திண்ணம்.

இதனால் வைகிங்குகளின் குற்றம் கழுவப்பட்டுவிடவில்லை. அவர்கள் கொள்ளையடித்ததும், மனிதரைப் பிடித்து அடிமைகளாக விற்றதும் மெய்யே. மறுபுறம், அவர்களது பெயரைத் தங்கள் படைப்பிரிவொன்றுக்குச் சூட்டி இனச்செருக்கை வளர்த்த ஹிட்லர் கூட்டத்தாரையும் உலகம் கண்டிருக்கிறது. பகைவர் எழுதிய ஏடு பாதிச் சரித்திரமே. சந்ததியாரென்று சொல்லிக்கொள்வோர் பாடும் புகழ் அதனினும் குறைந்தது. முன்னோரை உள்ளவாறு அறிய விரும்பும் தேசபக்தர் இவ்விரண்டையும் மண் தரும் சாட்சியத்தோடு ஒப்பிட்டுத் தீர்ப்பளிக்கக் கடமைப்பட்டவர்கள்.