மெதுவாக ஏறும் கார்க் கண்ணாடி

மழைக்காலம் தொடங்கும்போதுதான் கார்க் கண்ணாடியின் சோம்பல் நம்மில் பலருக்கும் தெரியவருகிறது. பொத்தானை அழுத்தினால் முனகிக்கொண்டே ஏறுகிறது. பணிமனையில் ‘மோட்டார் போய்விட்டது’ என்பார்கள். புதிய மோட்டாருக்குப் பணம் கொடுக்குமுன் சிலவற்றை நாமே பார்த்துவிடலாம்.

எல்லாக் கண்ணாடிகளும் மெதுவாக நகர்ந்தால் முதலில் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். ஒரு கதவில் மட்டும் என்றால், பெரும்பாலும் கண்ணாடி ஓடும் ரப்பர்ப் பள்ளத்தில் படிந்த புழுதியே காரணம். நம் சாலைகளின் புழுதிக்குச் சொல்லவா வேண்டும்! கண்ணாடியை இறக்கி, தட்டையான மரக்குச்சியில் ஈரத்துணியைச் சுற்றிப் பள்ளத்தைத் துடைத்து, உலர்ந்தபின் சிலிக்கான் ஸ்பிரே அடித்தால் போதும். கிரீஸும் என்ஜின் ஆயிலும் வேண்டாம். அவை ரப்பரை உப்பச் செய்யும், புழுதியையும் சேர்க்கும்.

சாய்ந்து ஏறும் கண்ணாடிக்கு இந்த வைத்தியம் உதவாது. கதவுக்குள் ரெகுலேட்டரின் கம்பிவடமோ பிடிப்போ தளர்ந்திருக்கும். தொடர்ந்து இயக்கினால் கண்ணாடி உள்ளே விழுந்துவிடக்கூடும். தேய்மானத்தையும் மின்பழுதையும் வழக்கமான வாகனக் காப்பீடு ஏற்பதில்லை, செலவு நம்முடையதே. ஆகவே மதிப்பீட்டை எழுத்தில் பெறுவோம். மோட்டாரை விட்டு ரெகுலேட்டர் மட்டும் தனியே கிடைக்குமா என்றும் கேட்போம்.