பழைய வெள்ளிக்காசை நிறைபோட்டு விற்காதீர்கள்

"அரிசி என்னா வெல? எத்தனை வெள்ளி?" என்றுதான் இன்றும் கடையில் கேட்கிறோம். நீட்டுவது காகித நோட்டு. வாயில் வருவது வெள்ளி. 1975ஆம் ஆண்டிலேயே அரசாங்கம் 'ரிங்கிட்' என்று பெயரை உறுதி செய்துவிட்டது. ஆனாலும் நம் லயங்களில் வெள்ளி வெள்ளிதான். நம் தாத்தாமார் காலத்தில் ஒரு டாலர் என்பது உண்மையாகவே வெள்ளியால் அடித்த காசு. அதனால் வந்த பேச்சு இது. மலாய்க்காரர் சொல்லும் ரிங்கிட்டும் காசைப் பார்த்து வைத்த பெயர்தான். பல் பல்லாக இருக்கும் ஓரம் என்று அதற்குப் பொருள். பழைய ஸ்பானிய வெள்ளி டாலரின் ஓரம் அப்படி இருந்தது.

அந்தக் காசுகள் இன்னும் நம்மவர் வீடுகளில் கிடக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறோம். தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தைக் காலி செய்து, தாமானுக்கும் அடுக்கு மாடிக்கும் குடிபோகிறவர்கள் பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறக்கிறார்கள். அடியில் ஒரு துணி முடிச்சு. உள்ளே கறுத்துப்போன நாலைந்து காசு. "செல்லாக் காசு" என்று பிள்ளைகளிடம் விளையாடக் கொடுத்தவர்கள் உண்டு. தராசோடு வாசலுக்கு வருகிறவனிடம் வெறும் வெள்ளி விலைக்கு நிறைபோட்டுக் கொடுத்தவர்களும் உண்டு.

கொடுக்கும் முன் அது என்ன காசு என்று பார்க்க வேண்டாமா?

பெரிய காசாக இருந்து, ஒரு பெண் சூலாயுதமும் கேடயமும் பிடித்து நின்றால் அது பிரிட்டிஷ் வர்த்தக டாலர். அந்தப் பெண் நம் அம்மன் அல்ல. பிரிட்டானியா என்று வெள்ளைக்காரர் தங்கள் நாட்டுக்கு வைத்த உருவம். 1895 முதல் 1935 வரை அடித்தார்கள். பெரும்பாலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் அடித்து, இந்தப் பக்கத்து வியாபாரத்துக்கு அனுப்பினார்கள். சூலத்தின் நடு முனையில் 'பி' எழுத்து குழிவாக இருந்தால் பம்பாய்க் காசு. மறுபக்கத்தில் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும் இருக்கும். ஜாவியில் எழுதியிருப்பது 'சத்து ரிங்கிட்'. 1975க்கு எத்தனையோ ஆண்டு முன்பே அந்தப் பெயர் காசில் இருந்திருக்கிறது!

ராஜா தலை போட்ட டாலர் வேறு. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் சேர்த்து ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் என்று ஆண்டார்களே, அந்த அரசாங்கம் 1903ல் எட்வர்ட் ராஜா தலையோடு சொந்த டாலர் வெளியிட்டது. அதுவரை ஊரில் புழங்கிய மெக்சிகோ டாலரையும் வர்த்தக டாலரையும் பிடித்து உருக்கிப் புதுக் காசாக அடித்தார்கள். மெக்சிகோ டாலரில் பாம்பைக் கவ்விய கழுகு இருக்கும். மலாய்க்காரர் அதை 'ரிங்கிட் பூரோங்', பறவை வெள்ளி, என்பார்கள்.

இந்த ராஜா தலை டாலர் இளைத்துப்போன கதைதான் வேடிக்கை. 1903ல் அதன் நிறை ஏறக்குறைய 27 கிராம். பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. 1906ல் ஒரு டாலருக்கு இரண்டு ஷில்லிங் நாலு பென்ஸ் என்று மதிப்பைக் கட்டிவிட்டார்கள். வெள்ளி விலையோ ஏறிக்கொண்டே போனது. காசாகக் கொடுப்பதைவிட உருக்கி விற்றால் லாபம் என்றால் வியாபாரி சும்மா இருப்பானா? உடனே 1907ல் காசை 20 கிராமாகச் சிறிதாக்கினார்கள். 1919ல் வந்த ஜார்ஜ் ராஜா டாலர் 17 கிராம்கூட இல்லை. அதிலும் பாதிதான் வெள்ளி. முதல் காசில் சுத்த வெள்ளி 24 கிராம், கடைசிக் காசில் எட்டு கிராமும் கொஞ்சமும். பெயர் மட்டும் அதே ஒரு வெள்ளி! ஆகவே ஆண்டைப் பார்க்காமல் "டாலர்னா எல்லாம் ஒண்ணுதான்" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

சம்பளக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். 1920களின் பிற்பகுதியில் முக்கியமான தோட்டப் பகுதிகளில் அரசாங்கம் கட்டிய நாள் கூலி ஆணுக்கு ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது காசு. ரப்பர் விலை விழுந்ததும் 1930ல் அதை நாற்பது, முப்பத்திரண்டு என்று குறைத்தார்கள். பிறகு இன்னும் இறங்கியது. 1920, 1921 ஆண்டு போட்ட ஐம்பது காசு வெள்ளி நாணயம் பெட்டியில் இருந்தால், அது ஒரு ஆள் விடியற்காலை பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் சுமந்த முழு நாள் கூலி. ஒரு டாலர் முடிந்து வைத்த பாட்டி இரண்டரை நாள் உழைப்பை முடிந்து வைத்திருக்கிறாள். சாப்பாடு, துணி, வைத்தியம், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிச்சம் பிடித்தது அது. தராசுக்காரனின் கணக்கில் இது வராது.

ஜப்பான்காரன் காலம் இன்னொரு காரணம். வாழைமரம் போட்ட நோட்டை மூட்டை கட்டி வைத்தவர்களுக்கு 1945ல் அது அடுப்பெரிக்கத்தான் உதவியது. வெள்ளிக்காசைப் புதைத்து வைத்தவர்கள் தோண்டி எடுத்துச் செலவு செய்தார்கள். காகிதத்தைப் பெரியவர்கள் நம்பாமல் போனதில் தப்பே இல்லை. 1943 என்று ஆண்டு போட்டு, ஜார்ஜ் ராஜா தலையோடு ஐந்து, பத்து, இருபது காசு கிடைக்கும். அப்போது ஜப்பான் ஆட்சியல்லவா என்று கேட்பீர்கள். திரும்பி வருவோம் என்று வெள்ளைக்காரர் வெளியே அடித்து வைத்த காசு அது. பாதி வெள்ளி. 1948ல் வந்த சில்லறையில் வெள்ளியே கிடையாது.

ஊரிலிருந்து கப்பலில் வந்த ரூபாயும் சில வீடுகளில் உண்டு. விக்டோரியா ராணி, எட்வர்ட், ஜார்ஜ் தலை போட்ட பழைய ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. ஆசாரிமார் 'ரூபாய் எடை' என்று சொல்வது இதைத்தான். 1940 முதல் பாதி வெள்ளியாகி, 1947ல் நிக்கலானது. 1862 என்று போட்டிருந்தால் அந்த ஆண்டில்தான் அடித்தது என்று நினைக்க வேண்டாம். 1874 வரை அதே ஆண்டையே போட்டு அடித்தார்கள். 1911ஆம் ஆண்டு ஜார்ஜ் ரூபாயில் ராஜாவின் மேலங்கியில் உள்ள யானை, பன்றி மாதிரி தெரிகிறது என்று பெரிய ரகளையாகி, அடுத்த ஆண்டு துதிக்கையைத் திருத்தினார்கள். அதற்குப் 'பன்றி ரூபாய்' என்றே பெயர். சேகரிப்போர் தேடும் காசு.

ஒரு காசை விற்று வீடு வாங்கலாம் என்று ஆசை காட்டுகிறவனையும் நம்பாதீர்கள். பலவும் ஏராளமாக அடித்த காசுகள். தேயாமல் இருப்பதற்கு ஒரு விலை, தேய்ந்ததற்கு ஒரு விலை. போலியும் நிறைய உலாவுகிறது. காந்தம் இழுத்தால் வெள்ளி இல்லை. இழுக்காததெல்லாம் வெள்ளி என்றும் இல்லை. நகைக்கடைத் தராசில் நிறை சரியாக வருகிறதா என்று பாருங்கள். பணமுடை வந்து விற்றே ஆக வேண்டுமென்றால் டவுனில் இரண்டு மூன்று பழங்காசுக் கடையில் விலை கேட்ட பிறகு கொடுங்கள்.

புளி போட்டுத் துலக்காதீர்கள்; சாம்பலும் வேண்டாம். பளபளப்பு வரும், விலை போய்விடும். புதிதாகக் கொக்கி பற்றவைத்துக் கழுத்தில் போடுவதும் அப்படியே. பாட்டி ஏற்கெனவே காசுமாலையாகக் கோத்திருந்தால் அதைப் பிரிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து வையுங்கள். ரப்பர் வளையம் போட்டுக் கட்ட வேண்டாம். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். யாருடைய காசு, எந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்று மடித்த காகிதத்தின் மேலேயே எழுதிவிடுங்கள்.

கோலாலம்பூர் பக்கம் போகிறவர்கள் பேங்க் நெகாரா அரும்பொருளகத்தில் பழைய காசுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கலாம். வீட்டில் உள்ள காசின் ஆண்டையும் தலையையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு போனால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.