கடலிலுள்ள சிறு மீன்களின் தொகையை மதிப்பிடும் முறை

சூடை, கீரிமீன், நெத்தலி என்பன கரைக்கடலிற் கூட்டங்கூட்டமாய்த் திரியும் சிறு மீன்களாம். கடலை ஒருபோதும் காணாத கமக்காரரின் அடுக்களைக்கும் இவை கருவாடாகச் சென்று சேர்கின்றன. கொழும்பில் வெள்ளவத்தைச் சந்தையிலும் கொட்டாஞ்சேனைச் சந்தையிலும் பெரிய மீன் வாங்க இயலாதோர் நாடுவதும் இவற்றையே. நெத்தலிக் கருவாட்டை நாம் பிறநாடுகளிலிருந்தும் பணங்கொடுத்து வருவிக்கின்றோம். ஆகவே, நம் கடலில் இவை எவ்வளவு உள்ளன, எவ்வளவு பிடிக்கலாம் என்பது கடற்றொழிலாளரை மாத்திரம் சார்ந்த வினாவன்று.

வயலின் விளைவை அறிய வயல் முழுவதையும் அறுக்க வேண்டியதில்லை. அளந்தெடுத்த சில சிறு துண்டுகளை அறுத்து, அடித்து, நிறுத்து, எஞ்சிய பரப்புக்குக் கணக்கிடும் பயிர்வெட்டு மதிப்பீட்டைக் கமக்காரர் அறிவர். மீன் மதிப்பீட்டின் அடிப்படையும் இதுவே. ஆனால் நெல் நட்ட இடத்தில் நிற்கும், மீன் நில்லாது. எனவே ஒரு முறையை மாத்திரம் நம்புதல் ஆகாது.

கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, களனி கங்கை கடலொடு கலக்கும் இடத்துக்கு அண்மையில், காக்கைத்தீவில் ‘நாரா’ எனப்படும் தேசிய நீரியல்வள ஆராய்ச்சி, அபிவிருத்தி முகவரகம் அமைந்துள்ளது. இது 1981ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்டது. இத்தகைய நிலையத்தின் உத்தியோகத்தர் மீன் இறங்கு துறைகளுக்குச் சென்று, எத்தனை வள்ளங்கள் சென்றன, எவ்வலை இட்டன, எத்தனை மணி நேரம் நின்றன, எவ்வளவு பிடித்தன என்பவற்றைக் குறித்துக்கொள்வர். பிடித்த மொத்த நிறையை முயற்சியின் அளவால் வகுத்தால், ஒரு வள்ளத்துக்குக் கிடைத்த பங்கு தெரியவரும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குக் கரையில் வள்ளங்கள் கடலுக்குச் செல்லும் நாட்கள் குறையும். அப்போது துறையில் மீன் குறைவது கடலில் மீன் குறைந்ததற்குச் சான்றன்று.

இக்கணக்கு ஏமாற்றவுங்கூடும். கோடையிற் குளம் வற்றும்போது மீன்கள் எல்லாம் எஞ்சிய மடுவிற் கூடுதலையும், அன்று கூடை கூடையாய் அள்ளப்படுதலையும் நாம் கண்டதுண்டு. அதனைக் கண்டு மீன் பெருகிவிட்டது என எவரும் எண்ணார். கூட்டமாய் வாழும் கடல்மீன்களும் அவ்வாறே. தொகை சுருங்கினும் கூட்டங் கலையாது. கூட்டத்தைக் கண்டுபிடிக்கும் வரையில் வலை நிறையும். பெரு நாட்டில் 1970இல் நெத்தலியினத்தின் பிடிப்பு 120 இலட்சம் தொன்னைக் கடந்தது. கடல்நீர் வெப்பமடைந்த 1972ஆம் ஆண்டை அடுத்து, 1973இல் அது ஏறக்குறைய 20 இலட்சம் தொன்னாக வீழ்ந்தது. மிகையாய்ப் பிடித்தமையும் இவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணமாகும்.

ஆதலால் மீனின் நீளத்தையும் அளக்கின்றனர். மாதந்தோறும் பல நூறு மீன்களை அளவுபலகையில் வைத்து அளந்தால், ஒரே பருவத்திற் பிறந்த மீன்கள் மாதத்துக்கு மாதம் வளர்ந்து செல்லுதல் புலப்படும். பெரிய மீன்கள் அரிதாகிக்கொண்டே வருமாயின், வளர்வதற்கு முன் பிடிபடுகின்றன என்று ஐயுற இடமுண்டு. வயிற்றைப் பிளந்து சினைப்பையைப் பார்த்து, எந்நீளத்தில் மீன் சினைகொள்ளத் தொடங்குகின்றது என்பதையும் குறிப்பர். அளப்பவர் வலைக்கண்ணின் அளவை அறிந்திருத்தல் வேண்டும். செவுள்வலையிற் சிறியது நழுவிவிடும். மிகப் பெரியது சிக்காது. அரிதட்டில் நின்ற மணியை மட்டும் பார்த்துக் குவியல் முழுவதும் அவ்வாறே என்று தீர்மானிப்பது தவறன்றோ?

வயதை அறிய மீனின் தலையிலுள்ள செவிக்கல் உதவுகின்றது. மரத்தில் ஆண்டு வளையம் போல, இளமீனின் செவிக்கல்லில் நாள்தோறும் ஒரு நுண்வளையம் படியும். நுணுக்குக்காட்டியால் அவற்றை எண்ணுவர். நம் கடற் சூடையினங்கள் சிலவற்றில் 1980ஆம் ஆண்டுகளிலேயே இம்முறை கையாளப்பட்டது.

வலையைச் சாராத முறையும் ஒன்றுண்டு. கப்பலிலிருந்து ஒலியலையை நீருள் விடுத்து, மீன்கூட்டத்திற் பட்டுத் திரும்பும் எதிரொலியின் வலிமையால் தொகையைக் கணிப்பதே அது. ‘டாக்டர் பிரித்யொவ் நன்சன்’ என்னும் நோர்வேக் கப்பல் 1978 முதல் 1980 வரை நம் கடலை இவ்வாறு ஆராய்ந்தது. அதே பெயர்கொண்ட புதிய கப்பல் 2018இல் மீண்டும் வந்தது. பிந்திய ஆய்விற் கண்ட தொகை முந்தியதிலும் வெகுவாகக் குறைந்திருந்தது. பருவ வேறுபாட்டையும், ஆழங்குறைந்த கரையோரத்துக்குப் பெரிய கப்பல் செல்லாமையையும் மனத்திற் கொண்டே இவற்றை ஒப்பிடல் வேண்டும். எனினும் இச்செய்தியைப் புறக்கணித்தல் தகாது.

இவை யாவற்றாலும் அறியப்படுவது, விதைநெல்லாக எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்பதே. சில நாடுகளில் ஆண்டுக்கு இத்தனை தொன் என வரையறுத்து, அது நிரம்பியதும் தொழிலை நிறுத்துகின்றனர். சிறு வள்ளங்கள் எண்ணற்ற துறைகளில் இறங்கும் நம் நாட்டில் நாள்தோறும் நிறை பார்த்து நிறுத்துதல் எளிதன்று. ஒரு முறையேனும் சினையிட்ட மீனே சிக்குமாறு வலைக்கண்ணை அமைத்தலும், குஞ்சும் தாயும் வேறுபாடின்றி மாளும் வெடிவைத்துப் பிடித்தலைத் தடுக்குஞ் சட்டத்தைத் தவறாது நடைமுறைப்படுத்தலும் இங்குப் பொருந்துவன. வலைக்கண்ணைத் துறையிலேயே ஓர் அளவுகோலால் அளந்துவிடலாம்.