முகவாயில் முடி அடரவில்லையா?

“ஹஜ்ரத், இந்த ஆண்டு தராவீஹ் தொழுகைக்கு என்னை நிறுத்த வேண்டாம்.”

ரமலான் பிறக்க இரண்டு வாரங்கள் இருக்கும்போது, குர்ஆனை முழுமையாக மனனம் செய்த எங்கள் மாணவர் ஒருவர் இப்படிச் சொன்னார். வயது இருபத்திரண்டு. காரணம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “பள்ளியில் பெரியவர்கள் சிரிக்கிறார்கள்” என்றார். அவருக்குக் காதோரங்களில் முடி ஓரளவு அடர்ந்திருந்தது. முகவாயிலோ விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் அதே முகவாய்தான். சங்கரன்கோவிலில் நான் பாடம் நடத்தத் தொடங்கிய நாட்களில், பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் ‘ஆட்டுத்தாடி ஹஜ்ரத்’ என்று அழைத்தது எனக்குத் தெரியும். தெரியாததுபோல் இருந்துகொண்டேன்.

அந்த மாணவரை அமரச் செய்து கைஸ் இப்னு ஸஅத் (ரலி) அவர்களைப் பற்றிச் சொன்னேன். மதீனத்து அன்ஸாரிகளின் தலைவர்களில் ஒருவரான ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்களின் புதல்வர் அவர். நெடிய உருவம், வாரி வழங்கும் கை, வீரம், மதிநுட்பம் அனைத்தும் அவரிடம் இருந்தன. முகத்தில் மட்டும் முடி முளைக்கவில்லை. தாடியை விலைக்கு வாங்க முடியுமானால் தங்கள் செல்வத்தைக் கொடுத்தாவது அவருக்கு வாங்கித் தந்திருப்போம் என்று அவருடைய மக்கள் ஏங்கினார்களாம். அந்த முகத்தோடுதான் அவர், அலீ (ரலி) அவர்களின் ஆட்சியில் எகிப்தின் ஆளுநராக அனுப்பப்பட்டார். ஆண்டு ஹிஜ்ரி 36.

அவர் ஒருவர் மட்டுமல்லர். மக்காவிலிருந்து கலீஃபாவாக ஆண்டு கி.பி. 692இல் ஷஹீதான அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி), உமர் (ரலி) அவர்களால் கூஃபாவின் நீதிபதியாக நியமிக்கப்பட்டுப் பல்லாண்டு தீர்ப்பு வழங்கிய காழீ ஷுரைஹ், பொறுமைக்குப் பெயர்போன தமீம் குலத் தலைவர் அஹ்னஃப் இப்னு கைஸ் ஆகியோரையும் தாடி வளராத பெருமக்கள் வரிசையில் வரலாற்றாசிரியர்கள் வைத்துள்ளனர். மெலிந்த தாடிக்காரரைக் குறிக்க அரபியில் ‘கவ்ஸஜ்’ என்று தனிச் சொல்லே இருக்கிறது. அக்காலத்திலும் இது அரிதான செய்தியல்ல என்பது அதிலிருந்தே விளங்கும்.

முடி ஏன் அடர்வதில்லை? ஆண்மைச் சுரப்பு நீர் குறைவு என்று திண்ணைகளில் பேசுவார்கள். பெரும்பாலோர் விஷயத்தில் அது தவறு. சுரப்பு நீர் இயல்பான அளவில் இருந்தாலும், அதற்கு மயிர்க்கால்கள் எவ்வளவு இணங்குகின்றன என்பது பரம்பரையைப் பொறுத்தது. தந்தை, தாய்வழிப் பாட்டனார், மாமன்மார் முகங்களைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். இன்னொன்று, தாடி ஒரே வயதில் நிறைவதில்லை. இருபதில் வெறுமையாக இருந்த முகவாய் முப்பதை நெருங்கும்போது நிறைவதுண்டு. ஆகவே இருபத்திரண்டு வயதில் தீர்ப்பெழுதிவிட வேண்டாம்.

அடிக்கடி மழித்தால் அடர்த்தியாக முளைக்கும் என்ற நம்பிக்கையும் சரியன்று. அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் டிராட்டர் 1928ஆம் ஆண்டிலேயே இதை ஆராய்ந்து, மழிப்பதால் முடியின் வளர்ச்சி மாறுவதில்லை என்று எழுதினார். வெட்டுண்ட நுனி மழுங்கலாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகப் படுகிறது, அவ்வளவே. சுன்னத்தை வளர்க்கும் எண்ணத்தில் தினமும் மழித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரை நான் கண்டிருக்கிறேன்!

இப்போது ‘மினாக்ஸிடில்’ என்ற மருந்தைப் பலர் தாமாக வாங்கிப் பூசுகிறார்கள். இரத்த அழுத்தத்திற்கு மாத்திரையாக வந்து, பிறகு தலை வழுக்கைக்குப் பூசும் மருந்தானது அது. தாடியிலும் சிலருக்குப் பலன் தரலாம். ஆயினும் தோல் எரிச்சலும் சிலருக்குப் படபடப்பும் உண்டாகும். மருத்துவரைக் கேளாமல் தொட வேண்டாம். நன்றாக இருந்த தாடியில் திடீரென நாணயம் அளவுக்கு வட்டமாக முடி உதிர்ந்தால் அது வேறு விஷயம். புழுவெட்டு என்கிறோமே, அதற்கும் புழுவுக்கும் சம்பந்தமில்லை. உடலின் எதிர்ப்பாற்றல் தன் மயிர்க்கால்களையே தாக்குவதால் வருவது. கண்டதைத் தேய்த்துப் புண்ணாக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பாளையங்கோட்டையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவே உண்டு.

இனி, இருக்கும் முடியைப் பேணுவது. முடி உள்ளவர் அதைக் கண்ணியமாகப் பராமரிக்க வேண்டும் என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை அபூதாவூதில் பதிவாகியுள்ளது. முதலில் மூன்று மாதம் கத்தி படாமல் விடுங்கள். பக்கத்து முடிகள் நீண்டு இடைவெளியின் மேல் சாயும். குளித்தபின் ஈரம் இருக்கையிலேயே, கன்னத்து முடியை முகவாய் நோக்கிச் சீப்பால் வாரிவிடுங்கள். இரண்டு சொட்டு எண்ணெய் போதும். அதிகமானால் முடி ஒட்டிக்கொண்டு இடைவெளி இன்னும் பளிச்சென்று தெரியும். மீசையைக் கத்தரித்துக்கொள்வது சுன்னத். மெலிந்த முகவாய்க்கு அதுவே அழகும்கூட, ஏனெனில் மீசை தடித்தால் கீழே வெறுமை மிகுதியாகத் தோன்றும்.

முடிதிருத்தகத்தில் கவனம் தேவை. தாடைக்கு அடியிலுள்ள முடியைத்தான் அவர்கள் முதலில் மழிக்க வருவார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு முகவாயைத் தாங்கி நிறைவாகக் காட்டுவது அந்த முடிதான். அதை விடச் சொல்லுங்கள். கன்னத்தை மழித்து முகவாயில் மட்டும் நிறுத்தும் பிரெஞ்சு தாடி நமக்கு ஆகவே ஆகாது. இல்லாத இடத்தையே அது சுட்டிக்காட்டும். ஓரங்களைக் குறைத்தால் முகவாய் எடுப்பாகத் தெரியும் என்று கடைக்காரர் சொல்வது தோற்றத்தைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் ஹனஃபி மத்ஹபில் ஒரு பிடிக்குக் குறைவாகத் தாடியை வெட்டக் கூடாது. இப்னு உமர் (ரலி) அவர்கள் ஹஜ், உம்ராவின்போது ஒரு பிடிக்கு மேற்பட்டதையே கத்தரித்தார்கள் என்பது புகாரியில் உள்ளது. மற்றவர்கள் தத்தம் மத்ஹபின் ஆலிமைக் கேட்ட பிறகு கத்தரியை எடுக்கட்டும்.

இவையெல்லாம் சொல்லி முடித்தபின் அவரிடம், “உளூவில் முகத்தை எப்படிக் கழுவுகிறீர், தம்பி?” என்று கேட்டேன். அடர்ந்த தாடியுள்ள பெரியவர்களைப் பார்த்துப் பழகியபடி, மேலாக நீரை வழித்துவிட்டு விரலால் கோதுவதாகச் சொன்னார். அடர்ந்த தாடிக்கு வெளிப்புறத்தைக் கழுவினால் போதும், கோதுவது சுன்னத். தோல் வெளியே தெரியும் மெலிந்த தாடிக்கு அது போதாது. நீர் தோலைத் தொட்டே ஆக வேண்டும். ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளின் சட்டமும் இதுவே. ஓரம் அடர்ந்தும் முகவாய் மெலிந்தும் பிரித்தறியும்படி இருந்தால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் சட்டம் என்று ஷாஃபிஈ நூல்கள் விவரிக்கின்றன. அவர் தாடியைப் பார்த்துச் சிரித்தவர்களில் ஒருவர்கூட இதை அவருக்குச் சொல்லவில்லை. பாடம் நடத்திய நானும் சொல்லவில்லை.

அன்று மஃக்ரிபுக்கு ஹவுள் கரையில் அவர் உளூச் செய்ததை அருகில் நின்று பார்த்தேன். முகவாயை நன்றாகத் தேய்த்துக் கழுவினார். தராவீஹ் பற்றி நாங்கள் பிறகு பேசவில்லை. முதல் பிறை இரவில் முன்னால் போய் அவரே நின்றார்.