குமிழி எழுதும் எழுத்து

அடுப்பில் நீர் கொதிப்பதைக் கூர்ந்து கவனித்திருக்கிறீர்களா? பாத்திரத்தின் அடி முழுவதும் ஒரே சமயத்தில் குமிழிகள் எழுவதில்லை. சில புள்ளிகளிலிருந்து மட்டுமே அவை வரிசையாகக் கிளம்பும். அங்குள்ள நுண்ணிய கீறல்களில் அகப்பட்ட காற்றே அக்குமிழிகளுக்கு விதை. எந்தக் கீறலில் எப்போது குமிழி எழும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. சமையலுக்கு இது போதும். ஆனால் கொதிக்கும் மையைக் கொண்டு எழுத வேண்டுமென்றால்?

வெப்ப முறையில் இயங்கும் இங்க்ஜெட் அச்சுப்பொறி செய்வது அதைத்தான். 1977-ல் ஜப்பானில் கேனன் நிறுவனத்தின் ஆய்வகத்தில், ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் ஒன்று மை நிரம்பிய ஊசியின் மேல் தற்செயலாகப் பட்டது. உடனே ஊசிமுனையிலிருந்து மை பீறிட்டது. இச்சிரோ எண்டோ என்ற பொறியாளர் இதன் பொருளை உணர்ந்துகொண்டார். 1979-ல் அமெரிக்காவில் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனத்தின் ஜான் வாட் என்பவரும் தனியே இதே வழியைக் கண்டார்.

அச்சுத்தலையில் தலைமயிரைவிட மெல்லிய துளைகள் உள்ளன. ஒவ்வொன்றையும் ஒட்டி மை நிற்கும் சிறு அறை. அதன் சுவரில் ஒரு மின்தடைப் படலம். சில மைக்ரோ செகண்டு நேரமே நீடிக்கும் மின்துடிப்பு அதில் பாய்கிறது. இங்கேதான் இயற்பியலின் அழகு இருக்கிறது. அவ்வளவு குறுகிய நேரத்தில் வெப்பம் மையினுள் ஒரு மைக்ரான் ஆழம்கூடப் பரவ முடியாது. படலத்தைத் தொட்டிருக்கும் மெல்லிய ஏடு மட்டும் 100 டிகிரியைத் தாண்டி, கொதிக்க அவகாசமின்றி, ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசை எட்டுகிறது. அதற்கு மேல் நீர் நீராக நிற்க இயலாது. விதை ஏதும் தேவைப்படாமலே வெடித்து ஆவியாகிறது. கீறல்களின் தயவு வேண்டாத இந்தக் குமிழி ஒவ்வொரு முறையும் ஒரே கணத்தில், ஒரே அளவில் பிறக்கும். மெல்லச் சூடேற்றினால் இந்த ஒழுங்கு கிடைக்காது. எஞ்சிய மை சூடேறுவதே இல்லை எனலாம்.

300 டிகிரியில் நீராவியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 80 மடங்குக்கும் மேல். அது மையைத் துளை வழியே நொடிக்குப் பத்து மீட்டர் அளவான வேகத்தில் உந்துகிறது. துளியின் பருமன் 10 பிக்கோ லிட்டர் என்று கொண்டு, அதை உருண்டையாகக் கருதி விட்டத்தைக் கணக்கிடுங்கள். சுமார் 27 மைக்ரான் வரும். பின் குமிழி குளிர்ந்து சுருங்க, நுண்புழைக் கவர்ச்சியால் புதிய மை அறைக்குள் வந்து நிரம்புகிறது. ஒரு துளையில் இது நொடிக்குப் பல ஆயிரம் முறை நிகழும்.

(எல்லா இங்க்ஜெட்டும் இவ்வகையன்று. மின்னழுத்தத்தால் வளையும் படிகத்தைக் கொண்டு மையைப் பிதுக்குவனவும் உண்டு. அவற்றில் கொதித்தலுக்கு வேலையில்லை.)

குமிழி பிறப்பதைவிட அது மடிவதே மின்தடைக்கு ஆபத்து. சுருங்கும் குமிழியை நோக்கி மை பாய்ந்து மோதும்போது ஏற்படும் அடி, கப்பல் சுழலிகளின் உலோகத்தையே அரிக்கும் அதே வகை அடி. ஆகவே மின்தடையின் மேல் டான்டலம் என்ற கடின உலோகத்தைப் பூசுகின்றனர். அப்படியும் மை கருகிப் படிவதுண்டு. எனவே 1984-ல் வெளிவந்த 'திங்க்ஜெட்' பொறியில் 12 துளைகள் கொண்ட அச்சுத்தலையையும் மைக்கூட்டையும் ஒன்றாகவே செய்து, மை தீர்ந்ததும் இரண்டையும் சேர்த்துக் கழற்றி எறியும்படி அமைத்துவிட்டனர்.