திறந்த விண்வெளி உயிரியல் தரவுகளும் தன்னார்வ இயந்திரக் கற்றலும்: வெள்ளானூர்க் கல்விச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

விண்வெளிக்குச் சென்று திரும்பிய உயிர்களிடமிருந்து பெற்ற மரபணுத் தரவுகள், எவரும் கட்டணமின்றிப் பெறத்தக்க வகையில் இன்று பொதுவில் வைக்கப்பட்டுள்ளன. பல நாடுகளைச் சேர்ந்த தன்னார்வலர்கள் குழுக்களாக இணைந்து இயந்திரக் கற்றல் முறையில் அவற்றை ஆராய்கின்றனர். இத்தரவுகளில் மாதிரிகள் மிகக் குறைவு; மாதிரிகளைப் பாதுகாத்த முறைகளும் பயணத்துக்குப் பயணம் வேறுபடுகின்றன. இதனால் உண்மையான உயிரியல் மாற்றம் எது, செய்முறையால் தோன்றிய மாற்றம் எது என்று பிரித்தறிவதே முதன்மைச் சிக்கலாகிறது. இப்பணிக்குக் கணினி ஆற்றலைவிடத் தரவின் வரலாற்றைப் படிக்கும் பயிற்சியே முதலில் தேவை என்பதையும், ஆவடியை அடுத்த வெள்ளானூர் போன்ற கல்விச் சூழல்கள் அப்பயிற்சியை எவ்வாறு மேற்கொள்ளலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

குறிச்சொற்கள்: விண்வெளி உயிரியல், திறந்த தரவு, இயந்திரக் கற்றல், மீத்தரவு, தன்னார்வ ஆய்வு, வெள்ளானூர்

முன்னுரை

விண்வெளி நிலையத்தில் ஓர் எலியை வளர்த்து, அதன் கல்லீரலைக் கெடாமல் புவிக்குக் கொண்டுவருவது எளிய செயலன்று. ஏவுகலத்தில் இடம், வீரர்களின் நேரம், உறைகலனின் கொள்ளளவு ஆகிய அனைத்தும் அளவுக்கு உட்பட்டவை. அவ்வாறு கிடைக்கும் திசுவை ஓர் ஆய்வுக்குழு மட்டும் ஒருமுறை ஆராய்ந்துவிட்டு விட்டுவிடுவது அறிவியலுக்கு இழப்பாகும். இந்த உணர்விலிருந்தே விண்வெளி உயிரியல் தரவுகளைப் பொதுவில் வைக்கும் வழக்கம் வளர்ந்தது.

நீண்ட பயணத்தில் விண்வெளி வீரரின் எலும்பு அடர்த்தி குறைகிறது, தசை மெலிகிறது, கதிர்வீச்சு மரபுப்பொருளைத் தாக்குகிறது. நிலவுக்கும் செவ்வாய்க்கும் மனிதர் செல்லும் முன் இம்மாற்றங்களின் காரணங்களை அறிந்தாக வேண்டும். தரவிலிருந்து தவறான காரணத்தைக் கண்டறிந்தால், தவறான மருந்தும் தவறான பாதுகாப்பும் பின்தொடரும். ஆகவே இத்துறையில் முடிவின் நம்பகத்தன்மை மனித உயிரோடு தொடர்புடையது.

திறந்த தரவகத்தின் அமைப்பு

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, கலிபோர்னியாவிலுள்ள ஏம்ஸ் ஆய்வு மையத்தில் ஜீன்லேப் என்னும் திட்டத்தை நடத்தி வந்தது. விண்பயணத்துக்குச் சென்ற எலிகள், தாவரங்கள், பழ ஈக்கள், நுண்ணுயிர்கள் ஆகியவற்றின் மரபணு வெளிப்பாடு, புரதம் முதலியன பற்றிய தரவுகள் அதில் சேர்க்கப்பட்டன. பின்னர் உடலியல் அளவீடுகளும் படிமங்களும் இணைக்கப்பட்டுத் திறந்த அறிவியல் தரவகம் என்ற பெயரில் அது விரிவடைந்தது.

இத்தரவகத்தின் வலிமை எண்களின் தொகையில் மட்டும் இல்லை. ஒவ்வொரு தரவுத்தொகுதியும் ஆய்வுத் திட்டம், ஆய்வு, அளவீடு என்னும் மூன்று அடுக்குகளில் விவரிக்கப்படுகிறது. எலியின் இனம், வயது, பால், விண்வெளியில் இருந்த நாட்கள், திசுவை எடுத்த முறை, அதை உறைய வைத்த முறை, ஆர்.என்.ஏ. பிரித்த முறை ஆகியன அவ்விவரிப்பில் இடம்பெறுகின்றன. தரவைப் பற்றிய இத்தரவே மீத்தரவு எனப்படுகிறது. மீத்தரவு இல்லாத எண் அட்டவணை, தேதியும் இடமும் அழிந்த கல்வெட்டைப் போன்றது. எழுத்து இருக்கும், அதைக் கொண்டு வரலாறு எழுத இயலாது.

தன்னார்வக் குழுக்களின் பணி

ஜீன்லேப் திட்டம் பகுப்பாய்வுப் பணிக்குழுக்களை உருவாக்கியது. விலங்குகள், தாவரங்கள், நுண்ணுயிர்கள் எனத் தனித்தனிக் குழுக்கள் அமைந்தன. பின்னர் செயற்கை நுண்ணறிவுக்கும் இயந்திரக் கற்றலுக்கும் ஒரு குழு உருவானது. பேராசிரியர்களோடு மாணவர்களும் இவற்றில் சேரலாம். உறுப்பினர்களுக்கு ஊதியம் இல்லை. இணையவழிக் கூட்டங்களில் கலந்து பேசி, கிடைக்கும் நேரத்தில் பணியைப் பகிர்ந்துகொள்கின்றனர். கலிபோர்னியாவின் காலை இந்தியாவின் இரவு என்பதால், இந்திய உறுப்பினருக்கு இது பெரும்பாலும் இரவுப் பணியாகவே அமையும்.

இக்குழுக்களின் இரண்டு பங்களிப்புகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, செய்முறையை ஒருமைப்படுத்தியது. ஒரே ஆர்.என்.ஏ. தரவை இரு ஆய்வகங்கள் இரு மென்பொருள்களால் கணித்தால் முடிவுகள் வேறுபடக்கூடும். ஆகவே எந்தப் படிக்கு எந்த மென்பொருள் என்று உறுப்பினர்கள் கலந்து முடிவு செய்த பொதுச் செய்முறை 2021ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இரண்டாவது, தரவுகளை ஒருங்கே வைத்து ஆராய்ந்தது. 2020ஆம் ஆண்டு நவம்பரில் ‘செல்’ ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை, எலித் திசுக்களின் தரவுகளோடு 59 விண்வெளி வீரர்களின் மருத்துவ அளவீடுகளையும் சேர்த்து நோக்கி, செல்லின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்டிரியாவின் செயல்குலைவே பல மாற்றங்களின் மையத்தில் உள்ளது என்று காட்டியது. பல்வேறு உறுப்புகளின் தரவுகளை ஒரே அளவுகோலில் வைத்து நோக்கியதாலேயே இம்முடிவு புலப்பட்டது.

இயந்திரம் எதைக் கற்கிறது?

இயந்திரக் கற்றல் என்பது எடுத்துக்காட்டுகளிலிருந்து விதியைக் கணினியே கண்டறியும் முறையாகும். எடுத்துக்காட்டுகள் பெருகினால் விதி உறுதிப்படும். விண்வெளி உயிரியலில் நிலைமை தலைகீழானது. எலியின் மரபணுக்கள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவை. ஓர் ஆய்வில் ஒரு பிரிவுக்குக் கிடைக்கும் எலிகளோ பெரும்பாலும் பத்து அளவிலேயே உள்ளன.

இதன் விளைவை எளிய கணக்கால் அறியலாம். விண்பயணம் செய்த 6 எலிகளையும் புவியில் இருந்த 6 எலிகளையும் ஒப்பிடுவதாகக் கொள்வோம். பயணத்தோடு எத்தொடர்பும் இல்லாத ஒரு மரபணுவின் அளவு, வெறும் தற்செயலாக ஒரு பிரிவின் ஆறு எலிகளிலும் மற்றப் பிரிவின் ஆறு எலிகளையும்விட மிகுந்திருக்கும் வாய்ப்பு 462இல் 1 ஆகும். 20,000 மரபணுக்களை நோக்கினால், ஏறத்தாழ 43 மரபணுக்கள் இவ்வாறு தற்செயலாகவே இரு பிரிவுகளையும் முழுமையாகப் பிரித்துக் காட்டும் என எதிர்பார்க்கலாம். அவற்றுள் ஒன்றைப் பிடித்துக்கொண்ட நிரல் நூறு விழுக்காடு துல்லியம் காட்டும். ஆனால் அது கற்றது ஒன்றுமில்லை.

தற்செயலைவிட ஆழமான இடர் செய்முறை வேறுபாட்டில் உள்ளது. 2014ஆம் ஆண்டில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு எலிகளை அனுப்பிய முதல் கொறிணி ஆய்வுப் பயணம் இதற்குச் சான்றாகும். அதில் சில எலிகளின் கல்லீரல் உடனே பிரித்தெடுத்து உறைய வைக்கப்பட்டது. வேறு சில எலிகளின் உடல் முழுவதும் உறைய வைக்கப்பட்டு, பின்னர் கல்லீரல் எடுக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டில் வெளியான மறுபகுப்பாய்வு, மரபணு வெளிப்பாட்டில் தெரிந்த வேறுபாட்டின் முதன்மைக் காரணம் விண்பயணம் அன்று, மாதிரியைப் பாதுகாத்த முறையே என்று காட்டியது.

இதன் காரணம் வேதியியலில் உள்ளது. முழு உடல் மெதுவாக உறையும், அதற்குள் ஆர்.என்.ஏ. சிதையத் தொடங்கிவிடும். ஆர்.என்.ஏ. இழையின் வால்முனையைப் பற்றிப் பிரித்தெடுக்கும் முறையைப் பயன்படுத்தினால், அறுந்த இழைகளில் வாலோடு ஒட்டிய பகுதி மட்டுமே கிடைக்கும். எஞ்சியது கணக்கில் வராது. ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை மட்டும் நீக்கி மற்றவற்றை வைத்துக்கொள்ளும் முறையில் இக்குறை பெரிதும் தணிகிறது. இவ்வரலாற்றை அறியாமல் எல்லாத் தரவுகளையும் ஒன்றாகக் கலந்து பயிற்றுவித்த நிரல், விண்வெளியின் விளைவைக் கற்றதாகத் தோன்றினும் உண்மையில் உறைய வைத்த முறையையே கற்றிருக்கும். அப்பிழையைக் கண்டறியும் வழி நிரலில் இல்லை, மீத்தரவில் உள்ளது.

இதனாலேயே இத்துறையில் விளக்கத்தக்க நிரல்கள் நாடப்படுகின்றன. விண்பயண எலிகளின் தசையில் கால்சியம் மீளுறிஞ்சப்படும் அளவை மரபணு, புரதத் தரவுகளோடு இணைத்த 2023ஆம் ஆண்டு ஆய்வு, க்யூலாட்டிஸ் என்னும் முறையைக் கையாண்டது. ஒருசில மாறிகள் மட்டும் கொண்ட சிறு சமன்பாடுகளாக அது விடை தருகிறது. அச்சமன்பாட்டைத் தசை உயிரியல் அறிந்தவர் படித்து ஏற்கவோ மறுக்கவோ முடியும். ஒரு பயணத்தின் தரவை முழுவதும் ஒதுக்கிவைத்து, மற்றப் பயணங்களின் தரவுகளால் பயிற்றுவித்துச் சோதிப்பது மற்றொரு பாதுகாப்பாகும். பயணம் மாறினாலும் நிலைக்கும் தொடர்பே நம்பத்தக்கது.

தமிழகத்தில் ஒரு முன்னோடி

திறந்த விண்வெளித் தரவைக் கொண்டு தமிழகத்திலிருந்தே ஆய்வு செய்ய இயலும் என்பதற்குச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பணி சான்றாகும். கார்த்திக் இராமன் தலைமையிலான குழு, நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைச் சேர்ந்த கஸ்தூரி வெங்கடேசுவரனோடு இணைந்து, விண்வெளி நிலையத்தின் ஏழு இடங்களிலிருந்து வெவ்வேறு காலங்களில் எடுத்த நுண்ணுயிர்த் தரவுகளை ஆராய்ந்து 2022இல் முடிவுகளை வெளியிட்டது. கிளெப்சியெல்லா நிமோனியே என்னும் பாக்டீரியா பிற பாக்டீரியாக்கள் சிலவற்றுக்கு உதவுவதையும், ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் வளர்ச்சியைக் குலைப்பதையும் வளர்சிதைமாற்ற வலையமைப்புக் கணிப்பின்வழி அது எடுத்துரைத்தது. 2024ஆம் ஆண்டில், நிலையத்தில் கண்டறிந்த என்டெரோபாக்டர் புகாண்டென்சிஸ் பாக்டீரியாவின் 13 திரிபுகள் பற்றிய ஆய்வும் வெளிவந்தது.

இவை தன்னார்வக் குழுவின் பணிகள் அல்ல. இவற்றின் அடிப்படை முறையும் இயந்திரக் கற்றல் அன்று. எனினும் ஏவுகலமோ விண்கலமோ இல்லாத கல்விநிலையம் கணிப்பின்வழி விண்வெளி உயிரியலுக்குப் பங்களிக்கலாம் என்பதை இவை உறுதிப்படுத்துகின்றன.

வெள்ளானூர்ச் சூழலில் வாய்ப்பும் எச்சரிக்கையும்

வெள்ளானூர் திருவள்ளூர் மாவட்டத்தில் ஆவடியை ஒட்டிய ஊராகும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி எனப் பரவும் மேற்குச் சென்னைப் புறநகரில் தொழிற்சாலைகளோடு பொறியியல் கல்லூரிகளும் அமைந்துள்ளன. தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் இன்று பட்டப்படிப்புகளாகவே கற்பிக்கப்படுகின்றன. இறுதியாண்டுச் செயல்திட்டத்தில் பலமுறை கையாளப்பட்ட பூவிதழ் அளவுகளையும் வீட்டுவிலைப் பட்டியலையும் மீண்டும் எடுப்பதைவிட, விடை இன்னும் முழுமையாகத் தெரியாத தரவை மாணவர் எடுத்துக்கொள்வது பயனுடையது.

தொடங்குவதற்கு ஏற்ற தரவுகள் உள்ளன. கதிர்வீச்சுக்கு உள்ளான எலிச் செல்களின் நுண்ணோக்கிப் படிமங்களைப் பயிற்சிக்கென்றே நாசா பொதுவில் வைத்துள்ளது. மரபுப்பொருள் அறுந்த இடத்தில் திரளும் புரதம் அப்படிமங்களில் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். புள்ளிகளைக் கொண்டு கதிர்வீச்சின் வகையையும் அளவையும் கணிக்க முயலலாம். இதற்குச் சாதாரணக் கல்லூரிக் கணினியகமே போதுமானது. ஆயினும் ஒரே எலியின் செல்கள் பயிற்சித் தொகுதியிலும் சோதனைத் தொகுதியிலும் இடம்பெற்றுவிட்டால், நிரல் கதிர்வீச்சை அறியாமல் எலியை அடையாளம் கண்டே மதிப்பெண் பெற்றுவிடும். ஆகவே படிமம்வாரியாக அன்றி எலிவாரியாகத் தொகுதிகளைப் பிரிக்க வேண்டும்.

இங்கே விரிவுரையாளரின் பொறுப்பு தெளிவாகிறது. துல்லிய விழுக்காட்டை மட்டும் நோக்கி மதிப்பெண் வழங்கினால், மாணவர் மேற்சொன்ன பிழைகளுக்கே பரிசு பெறுவர். ஒவ்வொரு மாதிரியின் வரலாற்றையும் ஒரு பக்கத்தில் எழுதித் தந்த பின்னரே நிரல் எழுதத் தொடங்க வேண்டும் என்ற ஒழுங்கு அதனினும் பயன் தரும். அதனை எழுத உயிரியல் துறையினரின் துணை தேவைப்படும். கணினித் துறையும் உயிரித்தொழில்நுட்பத் துறையும் ஒரே வளாகத்தில் இயங்கியும் கலந்து பேசாத நிலையை இத்தேவை மாற்றக்கூடும்.

இந்தியத் தரவுகளுக்கும் இது பொருந்தும். 2025ஆம் ஆண்டு சூன் 25 அன்று ஆக்சியம்-4 பயணத்தில் புறப்பட்ட சுபான்ஷு சுக்லா, தசைச் செல்கள், நுண்பாசிகள், நீர்க்கரடிகள், முளைவிடும் விதைகள் முதலியவை தொடர்பான இந்திய ஆய்வுகளை விண்வெளி நிலையத்தில் மேற்கொண்டார். ககன்யான் திட்டமும் இத்தகைய மாதிரிகளைத் தரும். பரீதாபாத்தில் 2022இல் தொடங்கப்பட்ட இந்திய உயிரியல் தரவு மையம் போன்ற அமைப்புகளில் அத்தரவுகள் முழுமையான மீத்தரவோடு வைக்கப்பட்டால், அவற்றைப் படிக்கத் தெரிந்த தலைமுறை தேவைப்படும்.

முடிவுரை

விண்வெளி உயிரியலில் திறந்த தரவு நுழைவாயிலைத் திறந்துவைத்துள்ளது. தன்னார்வக் குழுக்கள் செய்முறையை ஒருமைப்படுத்தியும் தரவுகளை ஒப்பிட்டும் அதனைப் பயன்கொள்ளத்தக்கதாக்கியுள்ளன. குறைந்த மாதிரிகளும் வேறுபட்ட செய்முறைகளும் கொண்ட இத்தரவில், நிரலின் துல்லியம் உண்மைக்குச் சான்றாகாது. மாதிரி வந்த வழியை அறிந்தவரே முடிவை மதிப்பிட இயலும். விலைமிக்க கருவி எதுவுமின்றி, பொறுமையும் துறைகளின் கூட்டுறவும் கொண்டு இவ்வறிவைப் பெறலாம். வெள்ளானூர் போன்ற புறநகர்க் கல்விச் சூழல்கள் இத்துறையில் இடம்பெறுவதற்கான தகுதி அங்கிருந்தே தொடங்குகிறது.