குளிர்நாட்டு வீடும் நீர்க்குழாயும்

குளிர் என்றால் நமக்குத் திருவெம்பாவைக் காலத்து விடியற்பொழுதுதான் நினைவுக்கு வரும். கிணற்றடியில் முதல் வாளி நீரை வார்க்கும்போது உடல் நடுங்கும். நாலைந்து வாளிக்குள் அந்நடுக்கம் போய்விடும். வீட்டுக்குள் ஓடும் நீரே கல்லாக இறுகிக் குழாயைப் பிளப்பதை நம்மிற் பலர் கண்டதில்லை. ஆயினும், 1983ஆம் ஆண்டின் பின் நம்மவர் பல்லாயிரவர் கனடா முதலிய குளிர்நாடுகளிற் குடியேறியமையால், இவ்விடயம் நமக்கும் உரியதாயிற்று.

என் தமக்கையின் மகன் ரொறன்ரோவில் வாடகை வீடொன்றில் வசிக்கிறான். சில ஆண்டுகளுக்கு முன் நத்தார் விடுமுறைக்கு நண்பர் வீட்டுக்குப் புறப்பட்டவன், செலவு மிச்சமாகட்டும் என்று வெப்பமூட்டியை நிறுத்திவிட்டுப் போனான். குளிர் சற்றுத் தணிந்த ஆறாம் நாள் அவன் திரும்பியபோது, சமையலறைக் குழாய் வெடித்து வீட்டின் தரையெங்கும் நீர் நின்றது. தளபாடங்களைப் பின்னர் வாங்கிக்கொண்டான். ஆனால், தரையிலிருந்த பெட்டிக்குள் எங்கள் குடும்பப் படங்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகிவிட்டன. 1995ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது என் தமக்கை வேறெதையும் எடுக்காமல் எடுத்துச் சென்ற படங்கள் அவை. எங்கள் பெற்றோரின் திருமணப் படத்திற்கு வேறு பிரதி இல்லை.

குழாய் வெடிப்பது ஏன்?

பெரும்பாலான பொருள்கள் குளிர்ந்தாற் சுருங்கும். நீரும் 4 பாகை செல்சியஸ் வரை சுருங்கும். அதன்கீழ் விரியத் தொடங்கும். 0 பாகையில் உறையும்போது அதன் கனவளவு ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பெருகும். குழாயை அடைத்த பனிக்கட்டி வளருந்தோறும், அதற்கும் மூடிய குழாய்த் திருகுக்கும் இடையில் அகப்பட்ட நீர் நெருக்குண்கிறது. ஒதுங்க இடமின்றி அமுக்கம் ஏற, நலிந்த இடத்திற் குழாய் பிளக்கிறது. ஆதலால் உறைந்த இடம் ஒன்றாகவும் வெடித்த இடம் வேறாகவும் இருத்தல் கூடும். பனிக்கட்டியே அடைப்பாக நிற்கும்வரை சேதம் தெரியாது; அது உருகிய பின்னரே வெள்ளம் புறப்படும்.

2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் ரெக்சஸ் மாநிலத்தைக் கடுங்குளிர் தாக்கியபோது, இலட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் தடைப்பட்டது. கடுங்குளிருக்குப் பழகாத அம்மாநிலத்திற் பல வீடுகளின் குழாய்கள் கூரையின் கீழும் வெளிச்சுவர்களிலும் போதிய காப்பின்றி இருந்தன. வீடுகள் குளிர்ந்ததும் அவை வெடித்தன. கனடாவிலோ நிலத்தடிக் குழாய்களை உறைபனி எட்டாத ஆழத்திற் புதைக்கிறார்கள். வீட்டுக்குள் இருப்பவற்றைக் காப்பது குடியிருப்போர் கடன்.

காக்கும் வழிகள்

மாரி தொடங்குமுன் தோட்டத்து இறப்பர்க் குழாயைக் கழற்றி, வெளிக்குழாய்க்குரிய உள்வால்வை மூடி, எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். வெப்பம் எட்டாத இடங்களிலுள்ள குழாய்களுக்கு நுரைப்பஞ்சு உறை அணிவிக்க வேண்டும். கடுங்குளிர் இரவுகளிற் பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழுள்ள அலுமாரிக் கதவைத் திறந்துவைத்தால் அறையின் வெப்பம் குழாயை அடையும். திருகைச் சற்றே திறந்து நீரை மெல்லிய தாரையாக ஒழுகவிட்டால் அமுக்கம் சேராது. வெளியூர் போகும்போதும் வெப்பமூட்டியை நிறுத்தாது, 13 பாகைக்குக் குறையாமல் வைத்தல் வேண்டும்.

குழாய் உறைந்துவிட்டால் திருகைத் திறந்துவைத்து, அதன் அண்மையிலிருந்து தொடங்கி, வெந்நீரில் நனைத்த துவாயினால் மெதுவாகச் சூடேற்றலாம். தீச்சுவாலையை ஒருபோதும் அணுகவிடலாகாது, வீடே தீப்பற்றும். வெடித்துவிட்டாலோ முதலில் தலைமை வால்வை மூட வேண்டும். அது எங்கேயிருக்கிறது என்பதைக் குடிபுகுந்த நாளிலேயே வீட்டார் அனைவரும் அறிந்திருத்தல் நன்று.

வெளிநாட்டுப் பிள்ளைகள் தொலைபேசியிற் பேசும்போது, “சாப்பிட்டாயா?” என்று முதலிற் கேட்பது நம் தாய்மாரின் வழக்கம். மார்கழி, தை மாதங்களில் என் தமக்கை இன்னொன்றும் கேட்கிறாள்: “தம்பி, வெப்பமூட்டியை நிறுத்தாமல் விட்டிருக்கிறாயா?”